கடலோர மணலில் ஸ்வீட் கார்ன்: உழவும் பொட்டாஷும்

கேள்வி: உச்சிப்புளி அருகே மணற்பாங்கான நிலத்தில் ஐப்பசியில் ஸ்வீட் கார்ன் விதைத்தேன். ரோட்டவேட்டரால் நான்கு முறை ஓட்டி, பொட்டாஷ் முழுவதையும் அடியுரமாக இட்டேன். அடியிலைகளின் ஓரம் கருகுகிறது, கதிர் நுனியில் மணி பிடிக்கவில்லை. போர் தண்ணீர் லேசாகக் கரிக்கிறது. அடுத்த முறை உழவையும் பொட்டாஷையும் கூட்டலாமா?

பதில்: இரண்டையுமே கூட்ட வேண்டாம். பொட்டாஷைப் பிடித்து வைத்துக்கொள்ள மண்ணில் களியும் மட்கும் வேண்டும். கடலோர மணலில் இரண்டும் குறைவு. நீங்கள் இட்ட அடியுரத்தில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையோடு வேருக்குக் கீழே போயிருக்கும். அடியிலை நுனியில் தொடங்கி ஓரமாகக் கருகுவது சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ், குறைவதன் அடையாளம்தான். ஆனால் உப்புத் தண்ணீரும் இப்படியே கருக்கும். ஆகவே முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். தண்ணீரில் உள்ள உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 1.1 டெசிசைமனைத் தாண்டினாலே மக்காச்சோளத்தில் விளைச்சல் குறையத் தொடங்கும்.

உழவுக்கு வருவோம். ஒரு செடியை மண்வெட்டியால் சுற்றிலும் வெட்டி, வேர் அறாமல் எடுத்துப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்தில் வேர்கள் பக்கவாட்டில் மடங்கி ஓடியிருந்தால், கீழே மண் இறுகிக் கிடக்கிறது என்று பொருள். ஈர நிலத்தில் டிராக்டரைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் இப்படி ஆகும். கோடையில் மண் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையால் ஒருமுறை கீறிவிடுங்கள், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் போதும். வேர் நேராக இறங்கியிருந்தால் அதுவும் தேவையில்லை, கொக்கிக் கலப்பையால் இரண்டு சால் போதும். அதற்கு மேல் கிளறினால் இருக்கிற கொஞ்சம் மட்கும் வெயிலில் எரிந்துபோகும். கடைசி உழவில் ஏக்கருக்கு 5 டன் மட்கிய தொழு உரம் சேருங்கள். இந்த மண்ணில் நான் முதலில் பணம் போடச் சொல்வது இதற்குத்தான்.

பொட்டாஷ் அளவை மண் பரிசோதனை சொல்லட்டும். ஏக்கருக்கு 20 கிலோ சாம்பல் சத்து என்று வந்தால், மியூரியேட் ஆஃப் பொட்டாஷாக 33 கிலோ, சல்பேட் ஆஃப் பொட்டாஷாக 40 கிலோ. மியூரியேட்டில் கிட்டத்தட்ட பாதி குளோரைடு. கரிக்கும் தண்ணீர் பாயும் நிலத்தில் அதையும் சேர்க்காதீர்கள். விலை கூடுதல் என்றாலும் சல்பேட்டே நல்லது. மூன்றாகப் பிரித்து, விதைப்பின்போதும், செடி முழங்கால் உயரம் வந்ததும், ஆண் பூ வெளிவருவதற்கு முன்பும் இடுங்கள். அதன் பிறகு இடுவதால் பெரிய பயனில்லை.

விதைப்பைத் தைப்பட்டத்துக்குத் தள்ளுங்கள். மழை உப்பைக் கழுவியிருக்கும், உரமும் அடித்துக்கொண்டு போகாது. நுனியில் மணி பிடிக்காததற்கு, கதிரின் பட்டு நூல் வெளிவரும் நாட்களில் ஏற்பட்ட தண்ணீர்த் தட்டுப்பாடும் காரணமாக இருக்கலாம். அந்த வாரம் மட்டும் ஒரு பாய்ச்சலும் தவறக் கூடாது.

கதிர் ஒடித்தபின் தட்டையை எரிக்கவோ விற்கவோ வேண்டாம். செடி எடுத்துக்கொண்ட பொட்டாஷில் பெரும்பகுதி கதிரில் இல்லை, தட்டையில்தான் இருக்கிறது. நறுக்கி நிலத்திலேயே மூடாக்காகப் போடுங்கள். மாட்டுக்குப் போடுவதாக இருந்தால் சாணத்தோடு நிறுத்தாமல், கோமியம் ஊறிய தொழுவ மண்ணையும் சேர்த்து அள்ளி வயலுக்குக் கொண்டுவாருங்கள். மாடு தின்ற பொட்டாஷ் பெரும்பாலும் கோமியத்தில்தான் வெளியேறுகிறது.