கையில் எவ்வளவு காசோடு போகவேண்டும்? வெளிநாடு வெளிக்கிடுகிறவர்களுக்கு ஒரு கேள்வி பதில்

வெள்ளவத்தையில் கணக்குப் பார்ப்பது என் தொழில். அதற்கு முன் பதினொரு வருடம் லண்டனில் இருந்தேன். செலவுக் கணக்குக்கு மட்டும் பதில் சொல்கிறேன். விசா எப்படி எடுப்பது என்று கேட்காதீர்கள், அதற்குச் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள்.

மகன் லண்டனுக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறான். பாங்கில் காட்டச் சொன்ன தொகை எங்களிடம் இருக்கிறது. அது போதும்தானே? (ஒரு தாய், வெள்ளவத்தை)

போதாது அக்கா. 2025 நவம்பரிலிருந்து லண்டனில் படிக்கிறவருக்கு மாதம் 1,529 பவுண், ஒன்பது மாதத்துக்குக் காட்டவேண்டும். மொத்தம் 13,761. படிப்புக் கட்டணத்தில் கட்டாத மிச்சமும் இதோடு சேரும். இது 'பிள்ளை அங்கே பட்டினி கிடக்கமாட்டான்' என்று அரசாங்கத்துக்கு நீங்கள் காட்டுகிற காசு. முதல் இரண்டு மாதத்தில் என்ன செலவாகும் என்பது வேறு கணக்கு.

விசாக் கட்டணத்தோடு சுகாதாரக் கட்டணமும் கட்டவேண்டும். மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண். ஒரு வருடப் படிப்பு என்றாலும் விசா சில மாதம் கூடுதலாகத் தருவதால் ஒன்றரை வருடக் கட்டணம், அதாவது 1,164 போகும். பலர் 776 என்றே எழுதி வைத்திருப்பார்கள். தனியார் வீடு என்றால் ஐந்து கிழமை வாடகை வரை வைப்புப் பணம் கேட்கலாம், முதல் மாத வாடகையும் முன்கூட்டியே. பிணை நிற்க அந்த நாட்டில் இருக்கிற ஒருவரையும் கேட்பார்கள். வீட்டுக்கு உள்ளூர்ச் சபை வாங்கும் கவுன்சில் வரி, முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இல்லை. வேலை செய்கிற ஒரு அண்ணன் அதே வீட்டில் இருந்தால் பில் வரும், அதை யார் கட்டுவது என்று குடிபோக முன்னரே பேசிவிட வேண்டும்.

பகுதிநேர வேலைக் காசை முதல் மூன்று மாதக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். நான் போன நேரம் முதல் சம்பளம் கைக்கு வந்தது ஒன்பதாவது கிழமை. வேலை ஐந்தாவது கிழமையே கிடைத்துவிட்டது, ஆனால் சம்பளம் மாத முடிவில், அதுவும் பாங்க் கணக்கு திறந்த பிறகு. அந்த இடைவெளியில் பாணும் பருப்பும்தான்.

இன்னொன்று, இதை இன்றைக்குப் பலமுறை சொல்வேன்: காட்டுகிற காசு வட்டிக்கு வாங்கினதாக இருக்கக்கூடாது.

கனடாவில் மாமாவின் பேஸ்மென்டில் தங்கலாம் என்கிறார்கள். வாடகையைக் கணக்கில் போடாமல் விடலாமா? (பம்பலப்பிட்டி)

போடுங்கள். மாமா ஸ்காபரோவில் இரண்டு கிழமைக்குச் சோறு தருவார், அதற்குப் பிறகு மாமியின் முகத்தைப் பார்க்கவேண்டும். 2025 செப்டெம்பரிலிருந்து தனி ஆள் காட்டவேண்டியது 22,895 கனடா டொலர், படிப்புக் கட்டணமும் பயணச் செலவும் அதற்கு வெளியே. ஒன்டாரியோவில் வாடகைக்கு எடுக்கும்போது முதல் மாதமும் கடைசி மாதமும் சேர்த்துக் கேட்பது வழக்கம், அது சட்டப்படி சரி. சேதத்துக்கு என்று தனி வைப்புப் பணம் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. குளிர் ஜாக்கெட்டை இங்கே வாங்காதீர்கள், அந்த நாட்டுக் குளிருக்கு அது காணாது.

மெல்பேர்னில் ரூம் 300 டொலர் என்கிறார்கள். மலிவுதானே? (கொட்டாஞ்சேனை)

தம்பி, அது கிழமைக்கு. அவுஸ்திரேலியாவில் வாடகை கிழமைக் கணக்கில்தான் பேசுவார்கள். நாலால் பெருக்கினாலும் பிழை. 52ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் மாதம் 1,300 வரும். நாலு கிழமை வாடகை வைப்பாகவும் இரண்டு கிழமை முற்பணமாகவும் கேட்டால், கதவு திறக்க முன்னரே 1,800.

எத்தனை லட்சம் கொண்டுபோக வேண்டும்? (தெஹிவளை)

எந்த நாடு? எந்த நகரம்? படிப்பா வேலையா?

அம்மா 30 கிலோப் பொதியில் பாதிக்கு அரிசியும் கறித்தூளும் வைத்திருக்கிறா. இது செலவைக் குறைக்குமா? (வெள்ளவத்தை)

அரிசி வேண்டாம். லண்டனில் ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, டூட்டிங், எங்கே போனாலும் நம் கடை இருக்கிறது. அந்த எடைக்கு நல்ல சப்பாத்தும் மருந்தும் வையுங்கள்.

தூளையும் வேண்டாம் என்கிறீர்களா? மில்லில் வறுத்து அரைத்த தூளும் கடைப் பைக்கற்றும் ஒன்றா? (அதே அம்மா)

ஒன்றில்லை அம்மா. தூள் இரண்டு கிலோ வையுங்கள், நான் தோற்றேன். அரிசியில்தான் பிடிவாதம்.

ஐயா சொல்வது பிழை. பிள்ளை முதல் மாதம் கடை தேடி அலையாமல் சமைத்தாலே வெளிச்சாப்பாட்டுக் காசு மிச்சம். அரிசியும் வேண்டும். (கல்கிசை)

மிச்சம் சமைக்கத் தெரிந்தால்தான். அரிசி மூடையோடு போய் மூன்று கிழமை கோழிப் பொரியல் கடையில் சாப்பிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். அரிசிக்குப் பதிலாகச் சோறு, பருப்பு, ஒரு மீன் குழம்பு, இந்த மூன்றையும் பழக்கி அனுப்புங்கள். வரவு செலவில் அதைவிடப் பெரிய சேமிப்பு வேறு இல்லை.

அவுஸ்திரேலியாவுக்கும் தூள் கொண்டுபோகலாமா? என் மச்சானுக்குத் தண்டம் போட்டார்கள். (கொழும்பு 13)

தண்டம் தூளுக்கு இல்லை, சொல்லாமல் விட்டதற்கு. விமானத்தில் தரும் படிவத்தில் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது என்று எழுதிக் காட்டுங்கள். ஆகாததை எடுத்து எறிவார்கள், அவ்வளவுதான். மறைத்தால் ஆயிரக்கணக்கில் தண்டம், விசாவையே இரத்துச் செய்யவும் முடியும். தூள் விவாதம் இத்தோடு போதும்.

டுபாயில் வேலை, வரி இல்லை. சம்பளம் முழுக்க மிச்சம்தானே? (மருதானை)

கம்பனி தங்குமிடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள். தராவிட்டால் வாடகை வருடக் கணக்கில், காசோலையில். வருடம் 60,000 திர்ஹாம் என்று வையுங்கள். நாலு காசோலை என்றால் முதலாவது 15,000. வழக்கமான 5 வீத வைப்பு 3,000, தரகர் 5 வீதம் 3,000, மின்சாரம் தண்ணீர் வைப்பு 2,000. சாவி கைக்கு வர 23,000. இதனால்தான் ஆட்கள் கராமாவிலும் தேய்ராவிலும் ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுத்துத் தொடங்குகிறார்கள். போக முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியுங்கள், காப்புறுதி அதோடு வரும்.

ரூபாவில் கணக்குப் போட்டால் போதாதா? (வத்தளை)

போக முன் போடுங்கள், போன பிறகு நிறுத்துங்கள். அங்கே தேத்தண்ணியை ரூபாவுக்கு மாற்றினால் ஒன்றும் குடிக்கமாட்டீர்கள். ஆனால் இங்கிருந்து மாதாமாதம் காசு அனுப்பப்போகும் பெற்றோருக்கு ரூபாக் கணக்குத்தான் உயிர். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது, மே மாதம் 360ஐத் தொட்டது. அன்றைக்கு மூன்றாம் தவணைக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்த குடும்பங்கள் இந்த வீதியிலேயே இருக்கின்றன. முடிந்த வரைக்கும் கட்டணத்தை முன்னரே கட்டுங்கள். பாங்க் வழியில்லாமல் உண்டியலில், அதாவது ஆள் மூலம், அனுப்பினால் வீதம் லாபமாகத் தெரியலாம், ஆனால் அது சட்டவிரோதம். காசு எங்கிருந்து வந்தது என்று பாங்க் கேட்கும்போது காட்ட ஒரு துண்டும் இருக்காது.

லண்டனுக்கு மொத்தம் எத்தனை லட்சம்? (களுபோவில)

முதல் பதிலை வாசியுங்கள்.

ஒருவர் லண்டன் விசாவுக்குக் காட்ட 28 நாளைக்குக் கணக்கில் காசு போட்டுத் தருகிறார், மூன்று வீதம்தான் கேட்கிறார். செய்யலாமா? (பெயர் வேண்டாம்)

இதற்குத்தான் தொடக்கத்திலேயே சொன்னேன். அந்தக் காசு 29ஆம் நாள் போய்விடும், மூன்று வீதம் உங்கள் கையிலிருந்து போகும், பிள்ளை வெறும் பொக்கற்றோடு ஹீத்ரோவில் இறங்கும். உங்கள் காசு இல்லாததை உங்கள் காசு என்று காட்டுவது பொய், பிடிபட்டால் பல வருடத்துக்கு விசாத் தடை. காசு சேரும்வரை ஒரு வருடம் பிந்திப் போகலாம்.

லண்டனுக்கு எத்தனை...

அடுத்தது.

கருவாடும் நெய்யும் லண்டனுக்குக் கொண்டுபோகலாமா? (முதல் கேள்வி கேட்ட தாய்)

நெய் ஆகாது, பால் சாமானை அங்கே விடமாட்டார்கள். கருவாட்டை 20 கிலோ வரை சுங்கம் விடும். பக்கத்து ரூம்காரன் விடமாட்டான்.