‘அப்பாவை ஆய்வில் சேர்க்கலாமா?’ – தலை, கழுத்துப் புற்றுநோய் குறித்த வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. தொண்டையில் புற்றுநோய் வந்திருக்கிறது. அது எச்.பி.வி. (மனித பாப்பிலோமா) வைரஸோடு தொடர்புடையது என்று பரிசோதனையில் தெரிந்தது. மருத்துவர் கிளினிக்கல் ட்ரையல் எனப்படும் மருத்துவ ஆய்வு ஒன்றில் சேர விருப்பமா என்று கேட்டிருக்கிறார். “அவரைச் சோதனை எலி ஆக்காதே, வெற்று மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றிவிடுவார்கள்” என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். நாங்கள் என்ன முடிவெடுப்பது?

பதில்: வெற்று மாத்திரை பற்றிய அச்சத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். பலன் தரும் சிகிச்சை இருக்கிற ஒரு புற்றுநோய்க்கு, அதைக் கொடுக்காமல் வெற்று மருந்தை மட்டும் கொடுத்து ஒருவரைக் காத்திருக்க வைக்க எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. வழக்கமான சிகிச்சையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு அதன் மேல் ஒரு பிரிவினருக்குப் புதிய மருந்தைச் சேர்ப்பார்கள். அல்லது வழக்கமான சிகிச்சையையும் அதற்கு இணையாகக் கருதப்படும் இன்னொன்றையும் ஒப்பிடுவார்கள். யாருக்கு எது என்பது கணினிக் குலுக்கலில் முடிவாகும். இது பலருக்கும் உறுத்தலாக இருக்கிறது; ஆனால் மருத்துவரே ஆளைத் தேர்ந்தெடுத்தால், உடல் தெம்பு உள்ளவர்கள் ஒரு பக்கமாகவும் தளர்ந்தவர்கள் மறுபக்கமாகவும் சேர்ந்துவிடுவார்கள், முடிவை நம்ப முடியாமல் போய்விடும்.

உங்கள் தந்தைக்கு வந்திருக்கும் வகையிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. எச்.பி.வி. தொடர்புடைய தொண்டைப் புற்றுநோய் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுவதால், கதிர்வீச்சோடு கொடுக்கும் சிஸ்பிளாட்டின் என்ற கடுமையான மருந்துக்குப் பதிலாகச் செட்டுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுத்தால் பக்கவிளைவுகள் குறையும், பலனும் குறையாது என்று மருத்துவ உலகில் பலர் நம்பினார்கள். அமெரிக்கா, கனடாவில் ஓர் ஆய்வும், பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்தில் இன்னோர் ஆய்வும் இதைச் சோதித்து 2018 இறுதியில் முடிவுகளை வெளியிட்டன. அமெரிக்க ஆய்வில் ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தோர் சிஸ்பிளாட்டின் பிரிவில் 84.6 சதவீதம், செட்டுக்சிமாப் பிரிவில் 77.9 சதவீதம். ஐரோப்பிய ஆய்விலும் சிஸ்பிளாட்டினே மேலாக இருந்தது. கடுமையான பக்கவிளைவுகளும் மொத்தத்தில் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தன. அந்த ஆய்வுகள் நடந்திருக்காவிட்டால், நல்லெண்ணத்தோடேயே பல நோயாளிகளுக்குக் குறைந்த சிகிச்சை கொடுக்கப்பட்டிருக்கும்.

எதிர்த் திசையிலும் ஆய்வுகள் நன்மை செய்திருக்கின்றன. கதிர்வீச்சும் கீமோவும் முடிந்த பிறகு, கழுத்து நிணநீர் முடிச்சுகளில் நோய் பெரிதாகப் பரவியிருந்தவர்களுக்குக் கழுத்தைத் திறந்து அவற்றை அகற்றுவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 2016-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 564 பேர் இரு பிரிவாகச் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவில் திட்டமிட்டபடி அறுவை செய்யப்பட்டது. மறு பிரிவில் பன்னிரண்டு வாரம் கழித்து, நோய் எஞ்சியிருக்கிறதா என்று காட்டும் பெட் சிடி ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் செய்யப்பட்டது. முதல் பிரிவில் 221 பேருக்கும் இரண்டாவதில் 54 பேருக்கும் அறுவை நடந்தது; உயிர் வாழ்ந்தோர் விகிதத்தில் இரண்டாவது பிரிவு எவ்வகையிலும் பின்தங்கவில்லை. அதில் சேர்ந்தவர்களால்தான் இன்று பலருடைய கழுத்துகள் கத்திக்குத் தப்புகின்றன.

இதற்காக உங்கள் தந்தை கட்டாயம் சேர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிகளை வகுத்து 1964-இல் வெளியான ஹெல்சிங்கி பிரகடனத்தின் அடிப்படையே, ஆய்வில் சேர்வதும் சேராததும் நோயாளியின் விருப்பம் என்பதுதான். மறுத்தாலோ, நடுவில் விலகினாலோ அவருடைய வழக்கமான சிகிச்சைக்குக் குறைவு வரக் கூடாது. ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கக் கேளுங்கள். அன்றே கையெழுத்திட அவசரப்படுத்தினால் அதை நல்ல அறிகுறியாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆய்வில் சேராவிட்டால் அப்பாவுக்கு என்ன சிகிச்சை கிடைக்கும், கூடுதலாக எத்தனை முறை ரத்தமும் திசுவும் எடுப்பார்கள், ஆய்வால் தீங்கு நேர்ந்தால் செலவை யார் ஏற்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் எப்போதும் வற்புறுத்தும் இன்னொரு கேள்வியும் உண்டு: சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து நோயாளி எப்படி விழுங்குகிறார், எப்படிப் பேசுகிறார் என்பதையும் இந்த ஆய்வில் அளக்கிறார்களா? தலை, கழுத்துப் பகுதியில் இதை அளக்காத ஆய்வு பாதி வேலையைத்தான் செய்கிறது என்பது என் கருத்து.

கேள்வி: என் கணவருக்கு நாக்கில் புற்றுநோய். அறுவை முடிந்து கதிர்வீச்சு நடக்கிறது. இது ஐந்தாவது வாரம். வாய் முழுவதும் புண்ணாகி, தண்ணீர் குடிக்கவே கண்ணீர் விடுகிறார். ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் பிறகு தொடரலாமா? மூக்கில் குழாய் போட்டுவிட்டால் அதன்பின் வாயால் சாப்பிடவே முடியாது என்கிறார்களே?

பதில்: உங்கள் கணவரின் வேதனை உண்மையானது, அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்புவது தவறு. ஆனால் நிறுத்தும் முடிவை நீங்களாக எடுத்துவிடாதீர்கள். கதிர்வீச்சு தொடங்கி ஏறத்தாழ நான்கு வாரம் ஆனபின், எஞ்சியிருக்கும் புற்றணுக்கள் முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. சிகிச்சைக் காலம் ஒரு நாள் நீண்டால் நோய் கட்டுக்குள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைகிறது என்பது பல ஆய்வுகளின் கணிப்பு. ஒரு வார இடைவெளிக்கு இது என்ன விலை என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆகவே சிகிச்சை தடையில்லாமல் நடக்க வலியைத்தான் அடக்க வேண்டும்.

நாளை காலையிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். வாயில் வெள்ளைப் படலம் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. வெதுவெதுப்பான நீரில் சிறிதளவு உப்பும் சமையல் சோடாவும் கலந்து, ஒரு நாளில் பல முறை கொப்பளிக்கலாம்; ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். அமெரிக்காவின் பல மருத்துவமனைகளில் 275 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், டாக்செபின் என்ற மருந்தின் கரைசலும், மரத்துப்போகச் செய்யும் லிடோகேயின் கலந்த கரைசலும் கொப்பளித்த முதல் நான்கு மணி நேரத்தில் வலியை வெற்றுக் கரைசலைவிட அதிகமாகக் குறைத்தன. ஆனால் அந்தக் குறைவு பெரியதல்ல என்று ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள். எனவே கொப்பளிப்பதை மட்டும் நம்பியிருக்க முடியாது. இந்தக் கட்டத்தில் மார்ஃபின் வகை மருந்து தேவைப்படுவது சாதாரணம். மருத்துவர் சொன்ன அளவில் எடுத்தால் அடிமையாகிவிடுவோமோ என்று அஞ்ச வேண்டியதில்லை; மலச்சிக்கலுக்கான மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

குறைந்த சக்தி லேசர் ஒளியை வாயின் உட்பரப்பில் செலுத்தும் சிகிச்சை, புண் வராமல் தடுப்பதற்காகச் சர்வதேச வழிகாட்டுதல்களில் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கதிர்வீச்சின் தொடக்கத்திலிருந்தே கொடுப்பதுதான் முறை. இனிமேல் சிகிச்சை தொடங்கவிருக்கும் வாசகர்கள் இதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

குழாயைப் பொறுத்தவரை, எடை வேகமாகக் குறைகிறவருக்கு அது தோல்வியின் அடையாளம் அல்ல. சிகிச்சையை முடிக்க உடலுக்குத் தெம்பு தரும் வழி. அதே சமயம் நீங்கள் கேள்விப்பட்டதில் ஒரு பாதி உண்மையும் இருக்கிறது. குழாய் வந்ததும் விழுங்குவதையே விட்டுவிட்டால், தொண்டைத் தசைகள் பயன்பாடில்லாமல் வலுவிழந்து இறுகிப்போகும். ஆகவே குழாய் இருந்தாலும், வலி மருந்து எடுத்து அது வேலை செய்யத் தொடங்கியதும், அவரை நிமிர்ந்து உட்கார வைத்து ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுங்கள். வாயில் வைத்துக்கொண்டு மூச்சை அடக்கி, அழுத்தி விழுங்கி, உடனே ஒருமுறை இருமி, மறுபடி வெறுமனே விழுங்கச் சொல்லுங்கள். இதை விழுங்கல் பயிற்சி அளிக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருமுறை நேரில் பார்த்து, அவருக்கு ஏற்றபடி மாற்றித் தர வேண்டும். தண்ணீர் குடிக்கும்போது ஒவ்வொரு முறையும் புரையேறினாலோ, காய்ச்சல் வந்தாலோ தாமதிக்கக் கூடாது. உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று பொருள் கொள்ளலாம். வாயை எவ்வளவு திறக்க முடிகிறது என்பதையும் வாரம் ஒருமுறை பாருங்கள். மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தாடை இறுக்கம் தொடங்கிவிட்டது.

இந்தப் பயிற்சிகள் குறித்த ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. பல ஆய்வுகள் சிறியவை. வலி உச்சத்துக்குப் போகும் வாரங்களில் நோயாளிகள் பயிற்சியை விட்டுவிடுவதும் ஒரு காரணம். கதிர்வீச்சைத் திட்டமிடும் விதத்தை மாற்றிப் பார்த்த ஆய்வுகளில் பலன் தெளிவாகத் தெரிகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தவிர்த்துக் கதிரை வளைத்துச் செலுத்தும் முறையை 94 பேரிடம் சோதித்து 2011-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஓராண்டுக்குப் பின் கணிசமான வாய் வறட்சி பழைய முறையில் 74 சதவீதம் பேருக்கு இருந்தது. புதிய முறையில் 38 சதவீதம் பேருக்குத்தான். 2023-இல் வெளியான இன்னோர் ஆய்வு, விழுங்கும் தசைகளையும் அதேபோல் தவிர்த்துத் திட்டமிட்டால் ஓராண்டுக்குப் பின் நோயாளிகள் தாங்களே மதிப்பிட்ட விழுங்கும் திறன் மேம்பட்டதைக் காட்டியது.

கேள்வி: எனக்குக் கதிர்வீச்சோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டின் தருவதாகச் சொன்னார்கள். தெரிந்தவர் ஒருவருக்கு வாரம் ஒருமுறை தருகிறார்கள். எது சரி?

பதில்: இரண்டுக்கும் ஆதாரம் உண்டு, ஆனால் வாரந்தோறும் தரும் அளவு முக்கியம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 300 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 30 மில்லிகிராம் வீதம் வாரந்தோறும் கொடுத்தபோது ஈராண்டில் நோய் கட்டுக்குள் இருந்தவர்கள் 58.5 சதவீதம், 100 மில்லிகிராம் வீதம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தபோது 73.1 சதவீதம். பக்கவிளைவுகள் 100 மில்லிகிராம் பெற்றவர்களுக்குத்தான் அதிகம். பின்னர் ஜப்பானில், அறுவை முடிந்த நோயாளிகளுக்கு வாரந்தோறும் 40 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு, அது மூன்று வார முறைக்குக் குறைந்ததல்ல என்று 2022-இல் காட்டியது. சிறுநீரகமும் செவியும் அதில் குறைவாகவே பாதிக்கப்பட்டன. உங்களுக்கு ஏற்கெனவே செவித்திறன் குறைவோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லத் தவறாதீர்கள்; முதல் மருந்துக்கு முன்பே செவிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிஸ்பிளாட்டின் அறவே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வழி இருக்கிறது. டாடா மருத்துவமனையின் இன்னோர் ஆய்வில், அத்தகையோருக்குக் கதிர்வீச்சை மட்டும் கொடுத்தபோது ஈராண்டு உயிர் வாழ்ந்தோர் 41.7 சதவீதம், டோசிடாக்செல் என்ற மருந்தைச் சேர்த்தபோது 50.8 சதவீதம்.

கேள்வி: நோய்தான் வந்துவிட்டதே, இனி புகையை நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்கிறார் என் அண்ணன்.

பதில்: நிறைய ஆகும். கதிர்வீச்சுக் காலத்திலும் புகைத்தவர்களையும் புகைக்காதவர்களையும் தொடர்ந்து கவனித்து 1993-இல் வெளியான கனடிய ஆய்வில், கட்டி முழுமையாக மறைந்தவர்கள் முன்னவரில் 45 சதவீதம், பின்னவரில் 74 சதவீதம். ஈராண்டு உயிர் வாழ்ந்தோர் 39-க்கு எதிராக 66 சதவீதம். இது குலுக்கல் முறை ஆய்வல்ல. ஆனாலும் இந்த இடைவெளியை அலட்சியப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அண்ணனைக் கடிந்துகொள்ளாமல், விட உதவும் மருந்துகளை அவருடைய மருத்துவரிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: சிகிச்சை முடிந்து மூன்றாண்டு ஆகிறது. கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகிவிட்டது. கதிர்வீச்சுப் பட்ட தாடையில் பல்லைப் பிடுங்கினால் எலும்பு அழுகும் என்கிறார்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் அமர்ந்துவிட்டுப் பிடுங்கச் சொல்கிறார்கள், செலவு அதிகமாகிறது. அவசியமா?

பதில்: கதிர்வீச்சுப் பட்ட எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடுவதால் பல் பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பு செத்துப்போகும் ஆபத்து உண்மையில் உண்டு, ஆண்டுகள் கடந்தாலும் அது முற்றிலும் நீங்குவதில்லை. ஆனால் தடுப்பு நடவடிக்கையாக ஆக்சிஜன் அறை உதவுகிறதா என்று பிரிட்டனில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் எலும்புச் சிதைவு ஏற்பட்டவர்கள் அந்தச் சிகிச்சை பெற்றோரில் 6.4 சதவீதம், பெறாதோரில் 5.7 சதவீதம். இரு பிரிவினருக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பும் தரப்பட்டன. எனவே இந்தச் செலவை நீங்கள் ஏற்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. முதலில், பல்லைப் பிடுங்காமல் வேர்ச் சிகிச்சை செய்து காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள். பிடுங்கத்தான் வேண்டும் என்றால், அந்தப் பல் இருக்கும் இடத்தில் தாடைக்குக் கிடைத்த கதிர்வீச்சு அளவை உங்கள் சிகிச்சைக் குறிப்பிலிருந்து எடுத்துப் பல் மருத்துவரிடம் கொடுங்கள். எத்தனை பற்களை ஒரே அமர்வில் எடுப்பது, காயத்தைத் தைத்து மூடுவதா, எத்தனை நாள் மருந்து என்பதையெல்லாம் அந்த அளவைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்வார். பிடுங்கிய இடத்தில் பல வாரங்கள் கடந்தும் எலும்பு வெளியே தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் அவரிடம் காட்டுங்கள்.