அன்றாட வாழ்வில் ஆழ்நிலைச் செபம்: கேள்வி பதில்

கேள்வி: கடவுளின் முன் மௌனமாக அமரும் ஆழ்நிலைச் செபத்தில், கண்ணை மூடியதும் பராக்குகள் சூழ்ந்துகொள்கின்றன. இது செபம்தானா?

பதில்: செபம்தான். எகிப்தியப் பாலைவனத் துறவிகளிடம் கற்றவற்றை 5-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த யோவான் காசியன், உதவிக்கு விரைந்து வருமாறு கடவுளை அழைக்கும் 70-ஆம் திருப்பாடலின் முதல் வரியை வேலையிலும் உணவிலும் உறக்கத்திற்கு முன்னும் விடாமல் சொல்லிவரச் சொல்கிறார். அலைபாயும் மனத்துக்கு அவர் தந்த மருந்து அது. நாளை அலுவலகத்தில் யாருக்கு என்ன பதில் சொல்லலாம் என்று மனம் வசனம் தயாரித்துக்கொண்டிருப்பதைப் பாதியில் கண்டுகொள்வீர்கள். அந்த வசனத்தை முடித்துவிட்டு வரலாம் என்று தோன்றும். முடிக்காதீர்கள், உங்களைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். அரைகுறையாக விட்டுவிட்டு அந்த வரிக்குத் திரும்புங்கள். முடிவில் அமைதி கிடைத்ததா என்று அளந்து பார்க்காதீர்கள்.

கேள்வி: எத்தனை நிமிடம் அமர வேண்டும்?

பதில்: 1970-களில் அமெரிக்காவின் ஸ்பென்சர் துறவு மடத்தில் ஆழ்நிலைச் செபத்துக்கு இன்றைய முறையை வகுத்தவர்கள், நாளுக்கு இருமுறை, 20 நிமிடம் என்றனர். தொடங்குபவருக்குப் பத்து போதும்.

கேள்வி: இக்கணத்தில் கவனம் வைக்கும் மைண்ட்ஃபுல்னஸ் தியானம் பௌத்தர்களுடையது அல்லவா? கிறிஸ்தவர் செய்யலாமா?

பதில்: ஜான் கபட்-சின் 1979-இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சிக்குப் பௌத்த வேர் உண்டு, ஆயினும் அவர் அதை மருத்துவத்துக்காகவே அமைத்தார். உடல்நலத்துக்காக அதைச் செய்வதில் தவறில்லை. ஆனால் மூச்சைக் கவனிப்பதோடு அது நிறைவுபெறலாம். செபத்தில் நாம் கடவுள் என்னும் ஒருவரை நோக்கியிருக்கிறோம்.

மறுப்பு: ஆபத்தான பதில். மனத்தைக் காலியாக்கினால் தீமை புகுந்துவிடும்; காலியான வீட்டுக்கு ஏழு தீய ஆவிகள் வந்ததை மத்தேயு 12 சொல்கிறதே!

பதில்: அந்த வீட்டில் குடியிருக்க யாரும் அழைக்கப்படவில்லை, நாமோ ஆண்டவரை அழைத்தபடி அமர்கிறோம். பிற சமயங்களின் தியான முறைகளை, அவை கிறிஸ்தவம் சாராதவை என்பதற்காகவே ஒதுக்கிவிடக் கூடாது என்றுதான் 1989-இல் வெளியான வத்திக்கான் மடலும் சொல்கிறது.

மறுப்பு: அதே மடல் எச்சரிக்கவும் செய்கிறது.

பதில்: ஆம், அந்த எச்சரிக்கையை முழு மனத்துடன் ஏற்கிறேன். உடல் தளர்வால் வரும் இதத்தைத் தூய ஆவியாரின் ஆறுதலாக எண்ணிவிடக் கூடாது என்கிறது அம்மடல். அமைதியை அளக்காதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வதும் இதனால்தான். செபித்து எழுந்தபின் வீட்டாரிடம் சற்றுப் பொறுமையாகப் பேசுகிறீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: பதினைந்து நிமிடம் போதுமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். நிமிடக் கணக்கை விட்டு இன்றே அமருங்கள்.

கேள்வி: வேலைக்கு நடுவே எப்படிச் செபிப்பது?

பதில்: 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்தின் சமையலறையில் உழைத்த சகோதரர் லாரன்ஸ், நற்கருணைமுன் முழந்தாளிடும்போது உணர்ந்த அதே இறைபிரசன்னத்தை அடுக்களை இரைச்சலிலும் உணர்ந்தார். ஒரு வேலையை முடித்து அடுத்ததைத் தொடுவதற்குமுன் ஒரு கணம் நின்று, அதைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுங்கள்.

கேள்வி: மௌனமாக அமர்ந்தால் பழைய விபத்து கண்முன் வந்து நடுங்குகிறேன். தொடரலாமா?

பதில்: நிறுத்திவிடுங்கள். முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை கண்ணைத் திறந்தபடி ஒரு திருப்பாடலை வாய்விட்டு வாசித்தால் போதும்.