உடைந்ததா, உடைத்தாரா?

வணக்கம். தனியாக இருக்கும் அம்மாவுக்காக வீட்டில் கேமரா வைத்திருக்கிறோம். அங்கே நடப்பதை செயற்கை நுண்ணறிவு ஒரு வரியில் எழுதி எனக்கு அனுப்பும். நேற்று, 'முதியவர் கண்ணாடித் தம்ளரை உடைத்தார்' என்று வந்தது. பதறிப்போய் வீடியோவைப் பார்த்தால், கை பட்டு விழுந்திருக்கிறது. மனிதர் செய்வதெல்லாம் இதற்கு எப்போதாவது புரியுமா?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உடைந்தது, உடைத்தது. மாறுவது ஒரே ஒரு மெய்யெழுத்துதான், பழி முழுக்க அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை போதும். தமிழில் வாயைத் திறந்ததுமே பக்கம் சாய்ந்தாக வேண்டும். 'உடைத்துத் தொலைத்தார்' என்றால் சொல்பவரின் எரிச்சலும் சேர்ந்துவிடும். கேமராவுக்குத் தெரிந்ததோ, கை நகர்ந்ததும் தம்ளர் விழுந்ததும் மட்டும்.

இல்லாத நோக்கத்தைக் கற்பிப்பதில் நாமும் சளைத்தவர்கள் அல்ல. 1944இல் ஹைடர், சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் நகரும் சிறு படத்தைக் காட்டி, என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். பார்த்தவர்களில் அநேகமாக எல்லோரும் பெரிய முக்கோணத்தை அடாவடிக்காரன் ஆக்கிவிட்டார்கள். வெறும் கோடுகள்தான், பாவம்.

ஒரு செயலின் நோக்கத்தைப் பிரித்தறிய இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றிருக்கிறார்கள். 2017இல் வெளிவந்த 'சம்திங் சம்திங்' என்ற வீடியோத் தொகுப்பில் 174 வகைச் செயல்கள். பொருளை எடுப்பது ஒரு வகை, எடுப்பதுபோல் பாவனை செய்வது இன்னொரு வகை. பாவனையைக் கண்டுபிடிக்கலாம்: விரல்கள் மூடியிருக்கும், பொருள் மேசையிலேயே இருக்கும். ஆனால் அவை சில நொடித் துண்டுகள். கைதவறல் அப்படிச் சிக்காது. அதன் தடயம் பெரும்பாலும் பிறகுதான் கிடைக்கும். அம்மா வெடுக்கென்று கையை இழுத்தாரா, 'ஐயோ' என்றாரா, குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாரா? அதையெல்லாம் பார்க்கும்வரை பொறுக்காமல் வரியை அனுப்பினால் இப்படித்தான் ஆகும்.

புரியுமா என்ற கேள்விக்கு என் பதில்: ஓரளவு புரியும், இன்னும் கூடும். அதுவரை அது 'தம்ளர் விழுந்து உடைந்தது, அருகில் அம்மா இருக்கிறார்' என்று எழுதினால் போதும். கண்டதைச் சொல்லட்டும், தீர்ப்பு வேண்டாம்.

அப்புறம் ஒன்று. செய்தியைப் பார்த்தீர்கள், வீடியோவைப் பார்த்தீர்கள், எனக்கும் எழுதிவிட்டீர்கள். அம்மாவுக்குப் போன் செய்தீர்களா? கையில் சில்லு ஏதும் குத்தவில்லையே?