ஜனவரி 1 வரைக்கும் எதுக்குங்க வெயிட் பண்ணணும்? கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

வணக்கமுங்க. ஆறு வருஷம் ஸ்கூல்ல பி.டி. வாத்தியார், அதுக்கப்புறம் 14 வருஷமா கோயமுத்தூர்ல ட்ரெயினர். தீபாவளி பலகாரம் தீர்ந்ததும் எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "எக்சர்சைஸ் எல்லாம் ஜனவரில இருந்து பாத்துக்கலாம்". ஜனவரி வந்தா பொங்கல் போகட்டும்னு சொல்லுவாங்க, தை பொறந்தா கல்யாண சீசன், அப்புறம் வெயில், அப்புறம் புள்ளைங்க பரீட்சை. சரி, கேளுங்க. நான் டாக்டர் இல்லை, ரிப்போர்ட் போட்டோ அனுப்பாதீங்க.

நாளைக்குப்பாக்கலாம்: மாஸ்டர், புது வருஷம்னா மனசுல ஒரு வேகம் வருதுல்ல, அதெல்லாம் சும்மாவா?

சும்மா இல்லைங்க, நிஜம்தான். அமெரிக்காவுல ஹெங்சென் டாய், கேட்டி மில்க்மன்னு ரெண்டு பேர் இன்னொருத்தரோட சேந்து 2014-ல வெளியிட்ட ஆராய்ச்சி இருக்கு. வாரம் பொறக்கறப்ப, மாசம் பொறக்கறப்ப, வருஷம் பொறக்கறப்ப, காலேஜ் செமஸ்டர் ஆரம்பிக்கறப்ப எல்லாம் ஜிம்முக்கு கூட்டம் கூடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அப்போ நீங்க ஜனவரிகிட்ட எதிர்பாக்கற அந்த வேகம் வர்ற திங்கக்கிழமைகிட்டயும் கொஞ்சம் இருக்கு, எதுக்கு ஆறு வாரம் சும்மா உக்காரணும்?

ஆனா அந்த வேகம் கிளப்பிவிடத்தான் ஆகும், ஓட்டறதுக்கு ஆகாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேரை வச்சு ஒரு பழக்கம் ஒட்டிக்க எத்தனை நாள் ஆகுதுன்னு பாத்தாங்க, கணக்குப் போட்டதுல சராசரி 66 நாள் வந்துச்சு, ஆளுக்கு ஆள் 18-ல இருந்து 254 வரைக்கும் போச்சு. 21 நாள்னு வாட்ஸப்ல வர்றதை நம்பாதீங்க. அதே ஆராய்ச்சியில எனக்கு ரொம்ப பிடிச்சது, நடுவுல ஒரு நாள் விட்டுப்போனாலும் பெருசா ஒண்ணும் ஆகலைங்கறது. ஒரு நாள் லீவு விட்டதுக்கே "போச்சு, இனி அடுத்த மாசம்"னு மூட்டை கட்டற ஆளுகளைத்தான் 14 வருஷமா பாக்கறேன்.

ஆஃபர்_ஆனந்தன்: எங்க ஏரியா ஜிம்ல நியூ இயர் ஆஃபர், 12 மாசம் கட்டினா 3 மாசம் ஃப்ரீ. அதுக்காகத்தான் வெயிட்டிங்.

கட்டாதீங்க. மூணு மாசம் மட்டும் கட்டுங்க, ரேட் கூட இருந்தாலும் பரவாயில்லை. நானே ஒரு ஜிம்ல வேலை பாத்திருக்கேன், ஜனவரியில டிரெட்மில்லுக்கு க்யூ நிக்கும், மார்ச்ல நானும் கண்ணாடியும்தான். வருஷ பணம் கட்டிட்டு வராம இருக்கற ஆளுகளை நம்பித்தான் அந்த கணக்கே ஓடுது. ஆஃபர் வர்றவரைக்கும் வீட்டுல தண்டால், பஸ்கி எடுக்க யாரு தடுத்தா?

கன்னிசாமி: சாமி சரணம் மாஸ்டர். கார்த்திகை 1-ந்தேதி மாலை போட்டிருக்கேன், டிசம்பர் கடைசியில மலைக்குப் போறோம். வயசு 44, வெயிட் 91, ஐ.டி. வேலை. விரதத்துல எக்சர்சைஸ் எதுக்கு, இறங்கி வந்து ஜனவரில ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.

சாமி சரணம்ங்க சாமி. நீங்க தலைகீழா யோசிக்கறீங்க, மலைக்குப் போறதுக்கு முன்னாடிதான உங்களுக்கு பரீட்சையே. பம்பையில இருந்து சன்னிதானம் சுமார் 5 கிலோமீட்டர், அதுல நீலிமலை ஏத்தமும் அப்பாச்சிமேடும் இருக்கு பாருங்க, அங்க இதய சிகிச்சை மையமே வச்சிருக்காங்க, சும்மா வைக்கல. வருஷம் பூரா சேர்ல உக்காந்துட்டு நேரா போய் ஏறறவங்களுக்காகத்தான். கேரளா ஹெல்த் டிபார்ட்மென்ட்டும் வர்றதுக்கு முன்னாடியே நடந்து பழகிட்டு வாங்கன்னு ஒவ்வொரு சீசனும் சொல்றாங்க.

உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, அதை நீங்களே கவனிக்கல. விடியக்காலைல எந்திரிச்சு குளிச்சிடறீங்க, ராத்திரி நேரத்துல படுத்துடறீங்க, தண்ணி கிடையாது தம் கிடையாது. என்கிட்ட வர்றவங்களுக்கு இதைப் பழக்கறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிரும், உங்களுக்கு ஐயப்பனே பண்ணி வச்சுட்டாரு. காலை பூஜை முடிஞ்சதும் 15 நிமிஷம் நடங்க, சாயங்காலம் இன்னொரு 15. ரெண்டாவது வாரம் 25. மூணாவது வாரத்துல இருந்து அபார்ட்மெண்ட் படி ஏறி இறங்குங்க, லிஃப்ட்ல இறங்கக்கூடாது, மலையில தொடை நடுங்கறது ஏறறப்ப இல்லை, இறங்கறப்பதான். கோயமுத்தூரா இருந்தா ஞாயித்துக்கிழமை மருதமலை படி ஏறிட்டு வாங்க, புண்ணியமும் ஆச்சு ட்ரெயினிங்கும் ஆச்சு. எவ்வளவு வேகம்னா, பேச முடியணும், பாட முடியக்கூடாது. சரணம் போட முடியாத அளவுக்கு மூச்சு வாங்குச்சுன்னா நில்லுங்க.

நெஞ்சை அழுத்தற மாதிரி, இடது கை தாடை பக்கம் இழுக்கற மாதிரி எதாவது வந்தா கேஸ்னு சொல்லிட்டு சோடா குடிக்காதீங்க, ஆஸ்பத்திரி போங்க. 40 தாண்டியாச்சு, 91 கிலோ, கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு பி.பி., சுகர், இ.சி.ஜி. பாத்துருங்க.

பூந்தொட்டி: 10,000 ஸ்டெப் கட்டாயமா சார்?

இல்லைம்மா. 1965-ல ஜப்பான்ல ஒரு கம்பெனி காலடி எண்ணற மெஷினுக்கு "மான்போ-கெய்"னு பேர் வச்சு வித்துச்சு, பத்தாயிரம் காலடி எண்ணற மீட்டர்னு அர்த்தம், அங்கருந்து வந்த நம்பர். உலக சுகாதார நிறுவனம் அடியே எண்ணல, வாரத்துக்கு 150-ல இருந்து 300 நிமிஷம் மிதமான வேகத்துல, கூடவே ரெண்டு நாள் தசைக்கு பயிற்சி, அவ்வளவுதான். ரெண்டாயிரம் நடக்கறவங்க நாலாயிரம் நடந்தா அதுவே லாபம்.

பச்சமொளகா: காலைலயா சாயங்காலமா எது பெஸ்ட்?

எது உங்களால முடியுதோ அது.

மாமனார்மெச்சியமருமகள்: அண்ணா, எட்டு நடை பத்தி சொல்லுங்க. எங்க மாமா மொட்டை மாடியில வடக்கு தெற்கா எட்டு வரைஞ்சு தினமும் அரை மணி நேரம் நடக்கறாரு, மூணு மாசத்துல சுகர் நல்லா குறைஞ்சிருக்கு. சித்தருங்க சொன்னதாமே?

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. குறைஞ்சதுக்கு காரணம் எட்டு இல்லைம்மா, தினமும் அரை மணி நேரம். நடக்கறப்ப கால் தசை ரத்தத்துல இருக்கற சக்கரையை இழுத்துக்கும், அது எட்டா பூஜ்யமான்னு தசைக்குத் தெரியாது. வடக்கும் தெரியாது.

கல்தூண்: மாஸ்டர், எல்லாத்துக்கும் வெளிநாட்டு ஆராய்ச்சி சொல்றீங்க, நம்ம முன்னோர் சொன்னா மட்டும் நக்கலா?

நக்கல் இல்லைங்க. நான் சொல்லிக்குடுக்கற தண்டாலும் கர்லாக்கட்டையும் எந்த ஊர் சரக்கு? நல்லதா இருந்தா யாரு சொன்னாலும் எடுத்துக்குவேன். எட்டு நடையில நல்லதும் இருக்கு, திரும்பித் திரும்பி நடக்கறதால பேலன்ஸுக்கு பயிற்சி, பத்துக்கு பத்து இடம் போதும். ஆனா வளைவுக்கு வளைவு வேகம் குறைஞ்சுரும், தலைசுத்தல் இருக்கறவங்களுக்கு ஆகாது.

மூணாவதுமாடி: கோச், எங்க தெருவுல பிளாட்பாரம் இல்லை, விடியக்காலைல நாய் துரத்துது, மழை வேற. எட்டு தவிர வேற என்ன பண்ண? ரேஸ் கோர்ஸ் வாக்கிங் ட்ராக் பக்கத்துல இருக்கறவங்களுக்கு பேசறது ஈஸி.

இது நியாயமான கேள்வி, ஒத்துக்கறேன். உங்களுக்கு எட்டே நடங்க. பாதி நேரம் ஒரு பக்கம், பாதி நேரம் திருப்பி. சலிச்சா அதே மாடியில சுவத்துல கை வச்சு தண்டால் 10, நாற்காலியில உக்காந்து எந்திரிக்கறது 10, மழைன்னா மாடிப்படி.

கல்தூண்: அப்ப எட்டு நல்லதுன்னு ஒத்துக்கிட்டீங்க!

நடக்கறது நல்லதுன்னு ஒத்துக்கிட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் கத்திச் சொல்றேன், சுகர் இருக்கறவங்க பார்க்ல அந்த கூழாங்கல் பாதையில வெறுங்கால்ல நடக்காதீங்க. காலுல உணர்ச்சி குறைஞ்சிருக்கும், குத்தினது தெரியாது, புண்ணு தெரியறப்ப லேட்டாயிருக்கும். மருமகளே, உங்க மாமாவுக்கு ஷூ இருக்கா?

மாமனார்மெச்சியமருமகள்: இல்லைண்ணா, வெறுங்கால்தான், அப்படித்தான் நடக்கணும்னு சொன்னாங்களாம். வெறும் வயித்துல, மாத்திரை மட்டும் போட்டுட்டு.

அய்யோ. என்ன மாத்திரை? கிளிமிப்ரைடு மாதிரி எதாவதுன்னா, இல்லை இன்சுலின்னா, வெறும் வயித்துல போட்டுட்டு நடந்தா சுகர் சட்டுனு இறங்கி மாடியிலயே மயங்கி விழுந்துருவாரு. மாத்திரை நேரத்தை டாக்டர்கிட்ட கேட்டு மாத்துங்க, நீங்களா மாத்தாதீங்க. சட்டை பாக்கெட்டுல கொஞ்சம் குளுக்கோஸ் பவுடர், இல்லைன்னா சக்கரை இருக்கட்டும். ஷூ வாங்கறப்ப சாயங்காலம் போய் வாங்குங்க, கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு சரியா வரும்.

ஜிம்பாய்99: ப்ரோ நேத்துதான் ஆரம்பிச்சேன், ஒரே நாள்ல 200 பஸ்கி, இன்னிக்கு பாத்ரூம்ல உக்கார முடியல 😭

வலி ஒண்ணுல இருந்து மூணு நாள் இருக்கும், மெதுவா நடங்க, தண்ணி குடிங்க. யூரின் கட்டஞ்சாயா (பால் ஊத்தாத டீ) கலர்ல போச்சுன்னா மட்டும் விளையாடாதீங்க, உடனே ஆஸ்பத்திரி, தசை சிதைஞ்சு கிட்னியை அடிக்கும். நாளைக்கு 200 இல்லை, நாலு நாள் கழிச்சு 15.

ரெண்டுவாண்டுஅம்மா: சிசேரியன் ஆகி 4 மாசம் ஆச்சு, வயிறு குறைய சிட்-அப் பண்ணலாமா?

இப்ப வேண்டாம்மா. நடக்கலாம். நடு வயித்துல தசை பிரிஞ்சிருக்கான்னு பொம்பளைங்களுக்கு பாக்கற ஃபிசியோகிட்ட காட்டிட்டு அவங்க சொல்றதைப் பண்ணுங்க. இது என் ஏரியா இல்லை.

ஒல்லிகில்லி: புரோட்டீன் பவுடர் எந்த பிராண்ட்?

முட்டை, சுண்டல், தயிர்.

டிசம்பர்பூ: காலைல நடக்கறது நல்லதா, சாயங்காலம் நடக்கறது நல்லதா?

மேல சொல்லியாச்சுங்க.

ஆஃபர்_ஆனந்தன்: மாஸ்டர் இப்ப 12 மாசத்துக்கு 4 மாசம் ஃப்ரீங்கறான்!

கட்டாதீங்கங்க. தண்டால் எத்தனை எடுத்தீங்க, அதைச் சொல்லுங்க மொதல்ல.

பேச்சுவார்த்தை: சார், காலைல 5 மணிக்கா 6 மணிக்கா?

😑

கல்தூண்: எட்டு நடைக்கு ஏன் வடக்கு தெற்குன்னு காந்த சக்தி விளக்கம் ஒண்ணு இருக்கு, அனுப்பட்டுமா?

வேண்டாம் சாமி. எனக்கு காலைல அஞ்சே காலுக்கு பேட்ச், படுக்கறேன். மருமகளே, அந்த மாத்திரை பேரை டாக்டர்கிட்ட கேட்டுட்டு நாளைக்கு எழுதுங்க. அதுவரைக்கும் மாமாவை வெறும் வயித்துல மாடி ஏற விடாதீங்க.