பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை மாற்றும்போது எதைப் போடுவது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்து வீடு எங்களுடையது. காலையில் பைப்பைத் திறந்தால் முதலில் செந்நிறமாகத்தான் தண்ணீர் வருகிறது. மீட்டரிலிருந்து வீட்டுக்கு 60 அடி இருக்கும். பிளம்பர் பிவிசி போடலாம் என்கிறார். ஹார்ட்வேர் கடையில் கறுப்பு பாலி பைப்பைக் காட்டுகிறார்கள். மகனோ பச்சை நிற பிபிஆர்தான் நல்லது என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மூன்றுமே குடிநீருக்கு ஏற்றவைதான். எந்த இடத்தில் போடப்போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

உங்கள் ஜிஐ பைப்பின் உள்ளே இருந்த துத்தநாகப் பூச்சு தேய்ந்துபோய், இரும்பு துருப்பிடித்திருக்கிறது. இரவெல்லாம் தேங்கி நின்ற தண்ணீரோடு அந்தத் துருதான் காலையில் வருகிறது. இப்படிப்பட்ட பைப்பை அறுத்துப் பார்த்தால் உள்ளே பழுப்புக் கட்டிகள் அடைத்து, அரை அங்குல ஓட்டை பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். அதனால் பாதியை மட்டும் மாற்றாதீர்கள். இரண்டு அடி மிச்சம் வைத்தாலும் துரு வரும்.

ஆனால் அறுப்பதற்கு முன் வயர்மேனைக் கூப்பிட்டு ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகள் சிலவற்றில் மின்சார எர்த் வயரை இரும்புத் தண்ணீர் பைப்பிலேயே கட்டியிருப்பார்கள். பிளாஸ்டிக் பைப் வந்ததும் அந்த எர்த் அறுந்துபோகும். விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும், வெளியே எதுவும் தெரியாது. குளியலறை ஹீட்டரில் மின்கசிவு ஏற்படும் நாளில்தான் ஆபத்து தெரியும். பைப்பில் வயர் கட்டியிருந்தால், தனியாக எர்த் கம்பி அடித்த பிறகே பிளம்பர் கை வைக்கட்டும்.

சரி, மண்ணுக்கடியில் போகும் 60 அடிக்கு நான் பாலி பைப்பைத்தான் சொல்வேன். சுருளாக வருவதால் நடுவில் இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாகப் புதைக்கலாம். மண் கொஞ்சம் இறங்கினாலும் வளைந்து கொடுக்கும். நீலக்கோடும் எம்எஸ் 1058 என்ற மலேசியத் தர முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இதன் அளவு வெளிவிட்டத்தைக் குறிக்கும். பிஎன் 16 என்ற அழுத்த வகையில் 20 மில்லிமீட்டர் பைப்புக்கு உள்ளே 16 மில்லிமீட்டர்தான் வழி. இவ்வளவு தூரத்துக்கு 25 மில்லிமீட்டர் வாங்குங்கள். புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பெட்ரோல், டீசல் வைக்கும் கொட்டகைப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். மண்ணில் ஊறிய எண்ணெய் பாலி பைப்பின் சுவரையே ஊடுருவித் தண்ணீரில் கலக்கும். விலகிப் போக 10 அடி கூடினாலும் பரவாயில்லை.

வீட்டுக்குள் குளிர்ந்த தண்ணீருக்கு உங்கள் பிளம்பர் சொல்லும் பிவிசி போதும். குடிநீருக்கான எம்எஸ் 628 பைப்பாக இருக்கவேண்டும். கழிவுநீருக்கு விற்கும் மெல்லிய பைப், விலை குறைவு என்றாலும் வேண்டவே வேண்டாம். வெயில் படும் சுவரில் பிவிசி நாளடைவில் நொறுங்கும், அங்கே வேறு பைப் போடுங்கள் அல்லது மூடிவிடுங்கள். குளியலறையிலேயே மாட்டும் உடனடி ஹீட்டருக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் போகிறது, அதனால் அங்கேயும் பிவிசி தாங்கும்.

கூரையில் சோலார் ஹீட்டரோ, சுடுதண்ணீர் டேங்கோ வைத்து, சுவருக்குள் சுடுதண்ணீர் ஓடப்போகிறதா? அப்போது மகன் சொல்லும் பிபிஆர் சரி. அதை 260 டிகிரியில் உருக்கி ஒட்டவேண்டும். அதிகம் சூடாக்கினால் பிளாஸ்டிக் உள்பக்கம் வழிந்து வழியை அடைக்கும். பழகிய கை இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

எந்த பைப்பாக இருந்தாலும் ஸ்பான் (தேசிய நீர்ச் சேவை ஆணையம்) அங்கீகாரம் பெற்றதா என்று கடையில் கேளுங்கள். பிவிசியை ஒட்டும்போது முனையைத் துடைத்து, பசையை மெல்லியதாகப் பூசி, உள்ளே தள்ளிக் கால் சுற்றுத் திருப்பி, சற்று நேரம் அழுத்திப் பிடிக்கவேண்டும். பசையை அள்ளி அப்பினால் அது உள்ளே வழிந்து தண்ணீரில் வாடை வரும். ஒரு நாள் காயவிட்டு, அப்புறம் எல்லாக் குழாய்களையும் திறந்து நன்றாக ஓடவிடுங்கள். வாடை முழுக்கப் போகும்வரை அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள்.