கோடு முழுசா இருக்கு, வேகம் எங்கே?

கேள்வி: போனில் 5ஜி என்று காட்டுகிறது, சிக்னல் கோடுகளும் நிரம்பி நிற்கின்றன. ஆனாலும் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

பதில்: கோடுகளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எத்தனை டெசிபலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸ், அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு டிபிஎம் (dBm) என்ற அலகில் இருக்கும். ஐபோனில் *3001#12345#* அடித்து கால் பட்டனை அழுத்தினால் ஃபீல்டு டெஸ்ட் திறக்கும். அதில், டவரிலிருந்து வரும் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்ற வரியைத் தேடுங்கள். மைனஸ் 80 பக்கம் இருந்தால் அருமை. மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம். மைனஸ் 115ஐத் தாண்டினால் பேச்சே அறுந்து அறுந்து வரும். வெறும் 3 டெசிபல் இறங்கினாலே கிடைக்கும் சக்தி பாதியாகிவிடும். 10 இறங்கினால் பத்தில் ஒரு பங்குதான்.

அந்த எண்ணும் நன்றாக இருந்து வேகம் இல்லையென்றால் எஸ்ஐஎன்ஆர் (SINR) என்ற வரியைப் பாருங்கள். சிக்னலுக்கும், மற்ற டவர்களின் குறுக்கீடும் சேர்ந்த இரைச்சலுக்கும் உள்ள விகிதம் அது. 20க்கு மேல் இருந்தால் வேகம் பறக்கும்; பூஜ்யத்துக்குக் கீழே போனால் கோடுகள் நிறைந்திருந்தும் பயனில்லை. மாடி உயர உயர இந்தத் தொல்லை அதிகம். அங்கே மூன்று நான்கு டவர்கள் ஏறக்குறைய ஒரே பலத்தில் எட்டுவதால் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்கின்றன. ஜன்னலை விட்டு உள்ளே வந்து, வேண்டாத டவர்களைச் சுவர் மறைக்கும் இடத்தில் உட்காருங்கள். கோடு ஒன்று குறையும், வேகம் கூடும்.

இரண்டு எண்ணும் சரி, இரவு ஒன்பது மணிக்கு மட்டும் இழுக்கிறது, விடியற்காலையில் ஓடுகிறது என்றால், அது டவரில் கூட்டம். அதை உங்கள் போனில் எந்த செட்டிங்கும் சரிசெய்யாது. இரண்டு நேரத்து அளவுகளையும் குறித்துவைத்துப் புகார் கொடுங்கள். ‘நெட் ஸ்லோ’ என்று மட்டும் சொல்லும் புகாரைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: தெருவில் 5ஜி கிடைக்கிறது. வீட்டுக்குள் நுழைந்தால் 4ஜிக்கு இறங்கிவிடுகிறது.

பதில்: பல நாடுகளிலும் 5ஜி வேகம் தருவது 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டை. 4ஜியில் ஓர் அலைத்தொகுப்பின் அகலம் அதிகபட்சம் 20 மெகாஹெர்ட்ஸ். இந்த 5ஜி பட்டையில் 100 வரை கிடைக்கும், அதனால்தான் வேகம். ஆனால் 700, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் அளவுக்கு இது சுவரைத் தாண்டாது. வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி இன்னும் மோசம். 20 முதல் 30 டெசிபல் வரை விழுங்கிவிடும். ஜன்னலைத் திறந்து, மூடி, எண் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

பலரும் கவனிக்காத இன்னொரு காரணம், அனுப்பும் பக்கம். டவர் பல பத்து வாட்டில் பேசுகிறது; உங்கள் போன் வழக்கமாக 0.2 வாட்டில் பதில் சொல்கிறது. போதாததற்கு, இந்தப் பட்டையில் போன் அனுப்புவதற்கு ஒதுக்கும் நேரமும் ஏறக்குறைய கால் பங்குதான். டவர் சொல்வது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் சொல்வது அதற்கு எட்டாது. போன் 4ஜிக்குத் தாவுவது அதனால்தான். அந்த அறையில் 4ஜியிலேயே நிறுத்திவையுங்கள். மாறி மாறித் தாவாததால் பேட்டரியும் மிஞ்சும். பேச வைஃபை காலிங்கைப் போட்டுக்கொள்ளுங்கள். அனுமதியில்லாத சிக்னல் பூஸ்டரை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். அது டவரின் காதில் இரைச்சலைக் கொட்டி, அக்கம்பக்கத்தார் அத்தனை பேருடைய இணைப்பையும் கெடுக்கும்.

கேள்வி: 3ஜியை நிறுத்திய பிறகு அழைப்பே போகவில்லை. இன்டர்நெட் மட்டும் வருகிறது.

பதில்: 4ஜி வழியாகவே பேச உதவும் வோல்டி (VoLTE) அணைந்திருக்கும். சிம் செட்டிங்ஸில் அதைப் போட்டு, போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அந்த வரியே இல்லையென்றால் முதலில் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால், அந்த மாடலை உங்கள் சிம் நிறுவனம் தன் வோல்டி பட்டியலில் சேர்த்திருக்கிறதா என்று கேளுங்கள்.